முதல் தீயணைப்பானைத் தந்த கப்டன் மான்பி

புலம்பெயர்ந்து நாம் வாழும் நாடுகளில் அடுக்குமாடிக் கட்டடமொன்றின் படிகளில் ஏறும்போதும், உணவகமொன்றின் பின்வாசலால் வேலைக்கு நுழையும்போதும், மருத்துவமனையில் முறைக்காகக் காத்து நிற்கும்போதும் சுவரிலே தொங்கும் சிவப்பு நிறக் கொள்கலம் ஒன்று எம் கண்ணிற் படாமற் போவதில்லை. நாள்தோறும் அதனைக் கடந்து செல்கின்றோம். அதன் கழுத்திலே கட்டப்பட்டிருக்கும் சிறு சீட்டில் என்ன எழுதியிருக்கின்றது என்று குனிந்து பார்த்தவர் எம்மிற் சிலரே. அத்தகைய கலம் ஒன்றை முதலில் எண்ணிப் பார்த்துச் செம்புத் தகட்டிற் செய்து காட்டியவர் யார் என்பதை அறிந்தோர் அதனினும் சிலர். அவர் பெயர் கப்டன் ஜோர்ஜ் வில்லியம் மான்பி. கடலோரப் பட்டினமொன்றிற் படைமுகாம் கட்டடங்களுக்குப் பொறுப்பாக இருந்த அதிகாரி. கரை தட்டிய கப்பல்களிலிருந்து மக்களை மீட்டவர் என்று பிரித்தானியர் அவரை நினைவுகூர்வர். தீயணைப்பானோடு அவர் பெயரைச் சேர்த்து எண்ணுவோர் குறைவு. ஆயினும் இவ்விரண்டு பணிகளும் ஒரே எண்ணத்திலிருந்து பிறந்தவை என்றே நாம் கருதுகின்றோம்.

1765ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி, இங்கிலாந்தின் கிழக்கே நோர்போக் மாவட்டத்தில் டென்வர் என்னுங் கிராமத்தில் மான்பி பிறந்தார். தந்தையார் தரைப்படையிற் கப்டனாக இருந்தவர். தம்பி தோமஸ் கடற்படையிற் சேர்ந்து, மாலுமி வன்கூவருடன் பசிபிக் சமுத்திரத்திற் பயணஞ் செய்து, பிற்காலத்தில் அட்மிரல் தரம்வரை உயர்ந்தவர். மூத்தவரான ஜோர்ஜுக்கோ வாழ்வு அத்துணை நேராக அமையவில்லை. டவுன்ஹம் பாடசாலையிற் கடற்படைத் தளபதி நெல்சனுடன் தாம் ஒன்றாகப் படித்ததாக அவர் இறுதிவரை கூறிவந்தார். நெல்சன் அவரைவிட ஏழு வயது மூத்தவர். 1771இல் நெல்சன் கப்பலேறியபோது மான்பிக்கு ஐந்து வயதே. அந்தப் பள்ளித் தோழமையை வாசகர்கள் வேண்டிய அளவு நம்பிக்கொள்ளலாம். தம்மைப் பெரியோரோடு சேர்த்துப் பார்க்கும் ஆசை அவரிடம் இருந்தது என்பதை மட்டும் இது ஐயமின்றிக் காட்டுகின்றது.

ஊர்க்காவற் படையொன்றில் அவர் கப்டன் பதவி பெற்றார். 1793இல் திருமணஞ் செய்தார். அது நன்றாக முடியவில்லை. மனைவியின் காதலனான கிழக்கிந்தியக் கம்பனி அதிகாரியொருவன் சுட்டதிற் காயமுற்று, 1801இல் வீட்டையும் ஊரையும் விட்டு நீங்கி, பிறிஸ்டல் நகருக்கு அருகேயுள்ள கிளிப்டனிற் குடியேறினார். அங்கிருந்தபடி ஊர் வரலாறுகளும் பயண நூல்களும் எழுதினார். 1803இல் நெப்போலியனின் படையெடுப்பு அச்சம் இங்கிலாந்தை ஆட்டிக்கொண்டிருந்த வேளையில் அவர் எழுதிய சிறு பிரசுரம் ஒன்று போர் அமைச்சர் சாள்ஸ் யோர்க்கின் கண்ணிற் பட்டது. அதன் பயனாகக் கிரேட் யார்மத் துறைமுகப் பட்டினத்திற் படைமுகாம் அதிகாரி என்னும் உத்தியோகம் கிடைத்தது. எழுத்து ஒருவருக்கு உத்தியோகம் பெற்றுத் தந்த அரிய சந்தர்ப்பங்களுள் இதுவும் ஒன்று.

இந்த உத்தியோகம் வீரதீரமானது அன்று. படையினர் தங்கும் கட்டடங்களுக்கு நிலக்கரியும் மெழுகுவர்த்தியும் படுக்கையும் வழங்குவது, உடைந்ததைத் திருத்துவிப்பது, கணக்கு எழுதுவது ஆகியனவே அதன் கடமைகள். வைக்கோல் அடைத்த மெத்தைகளும் திறந்த கணப்புகளும் மெழுகுவர்த்திச் சுடர்களும் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கான மனிதருடன் இருக்கும் கட்டடத்தைப் பொறுப்பேற்றவருக்குத் தீயைப் பற்றிய எண்ணம் இல்லாது போகாது. ஆனால் அவரை உலுக்கி எழுப்பியது தீயன்று, கடல்.

1807ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதி பெரும்புயல் ஒன்றில் 'ஸ்னைப்' என்னும் கடற்படைக் கப்பல் யார்மத் கரைக்கு அருகே தரை தட்டியது. கரையில் நின்றோருக்குக் கப்பலிலிருந்தோரின் முகங்கள் தெரியும் அளவுக்குக் குறுகிய இடைவெளி. கடற்படையினரோடு பிரெஞ்சுப் போர்க்கைதிகளும் பெண்களும் குழந்தைகளும் அதில் இருந்தனர். அலை எந்தப் படகையும் நெருங்க விடவில்லை. பட்டினமே திரண்டு நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவர்களிற் பெரும்பாலோர் கடலில் மாண்டனர். பார்த்துக்கொண்டிருந்தோருள் மான்பியும் ஒருவர்.

அந்த இடைவெளியே அவரை வாட்டியது. கப்பலுக்கும் கரைக்கும் நடுவே வேண்டியிருந்தது ஒரு கயிறு. அதனை அங்கே கொண்டு சேர்ப்பதுதான் எவராலும் இயலவில்லை. தாம் இளைஞராக இருந்தபோது, 1783இல், சிறு மோட்டார் பீரங்கி ஒன்றினாற் டவுன்ஹம் தேவாலயத்தின் கூரைக்கு மேலாகக் கயிறு எறிந்தது அவர் நினைவுக்கு வந்தது. முகாமிலிருந்த மோட்டாரைக் கொண்டு கடற்கரையிற் சோதனைகளைத் தொடங்கினார். குண்டோடு சங்கிலியைப் பிணைத்தார். வெடியின் அதிர்ச்சியிற் சங்கிலி அறுந்தது. கயிற்றை நேரே பிணைத்தார். வெடிமருந்தின் சுவாலையிற் கயிறு எரிந்தது. முடிவிற் பதனிடாத தோல் வார்களை நெருக்கமாகப் பின்னிக் குண்டுக்கும் கயிற்றுக்கும் நடுவே இணைத்தார். அது தாக்குப் பிடித்தது. குண்டு கப்பலின் பாய்மரக் கயிறுகளைப் பற்றிக்கொள்ளத் தூண்டில் போன்ற முட்களைச் சேர்த்தார். இரவிற் கயிறு எங்கே விழுந்தது என்று கப்பலிலிருப்போர் காணும்படி எரியும் குண்டுகளையும் பின்னர் அமைத்தார்.

1808ஆம் ஆண்டு பெப்ரவரி 12ஆம் திகதி 'எலிசபெத்' என்னும் கப்பல் யார்மத் கரையிலிருந்து சுமார் 450 அடி தூரத்தில் அகப்பட்டுக்கொண்டது. மான்பியின் மோட்டார் முழங்கியது. கயிறு கப்பலைச் சென்றடைந்தது. ஏழு பேரும் உயிரோடு கரை சேர்ந்தனர். அதன் பின்னர் பிரித்தானியக் கரையோரங்களில் மோட்டார் நிலையங்கள் ஒவ்வொன்றாக நிறுவப்பட்டன. மான்பி இறப்பதற்கு முன் ஏறத்தாழ ஆயிரம் உயிர்கள் இக்கருவியினாற் காக்கப்பட்டதாகக் கணக்கிடப்படுகின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மோட்டாரைக் கண்டுபிடித்ததோடு காரியம் முடிந்துவிடவில்லை. எந்தக் கரையில் எத்தனை மைலுக்கு ஒன்று வைப்பது, கயிற்றை முறுக்கேறாமற் கூடையில் எவ்வாறு சுருட்டி வைப்பது, வெடிமருந்தை எங்ஙனம் ஈரமின்றிக் காப்பது, எவருக்குப் பயிற்சி அளிப்பது என்பனவே அவருடைய ஆண்டுகளை விழுங்கின. கரையோரமாக ஸ்கொட்லாந்துவரை சென்று ஆபத்தான இடங்களை ஆராய்ந்தார். நல்ல கருவி தவறான இடத்தில், நனைந்த கயிற்றோடு, பழக்கமற்ற கைகளில் இருந்தால் அது இல்லாததற்குச் சமம் என்பதைக் கடல் அவருக்குக் கற்பித்திருந்தது. தீயணைப்பானைப் பற்றிய அவர் சிந்தனைக்கு இதுவே அடித்தளம்.

அப்படியொரு பயணத்தில், 1813இல், எடின்பரோ நகரில் அவர் தீவிபத்தொன்றைக் கண்டார் என்பர். எடின்பரோவின் பழைய நகர் அக்காலத்திலேயே எட்டு மாடி, பத்து மாடி என்று ஓங்கி நின்ற வீடுகளால் ஆனது. ஒடுங்கிய முடுக்குகள், ஒரு கட்டடத்துக்கு ஒரு சுழற்படி, மாடிக்கு மாடி வெவ்வேறு குடும்பங்கள். இன்று எம்மவர் வாழும் பல கட்டடங்களை இது நினைவூட்டக் கூடும். கீழே தெருவிற் கையாற் பம்பும் இயந்திரங்கள் நின்றன; மேலே மாடியில் தீ எரிந்தது; நீர் அவ்வுயரத்தை எட்டவில்லை. யார்மத் கரையிற் கண்ட அதே காட்சி. உதவி அருகிலேயே நின்றது, போய்ச் சேரத்தான் வழியில்லை.

அந்நாளைய தீயணைப்பு எப்படி இருந்தது என்பதைச் சற்று விளக்க வேண்டும். நெகிழும் தோற்குழாயை 1670களில் அம்ஸ்ரடாம் ஓவியர் யான் வன் டெர் ஹெய்டன் அமைத்துத் தந்திருந்தார். லண்டனிற் காப்புறுதிக் கம்பனிகள் தத்தம் செலவில் தீயணைப்புக் குழுக்களை வைத்திருந்தன. ஆனால் எந்தக் குழுவும் செய்தி கிடைத்து, ஆட்களைக் கூட்டி, இயந்திரத்தை இழுத்து, நீர் தேடிக் குழாய் பொருத்தும்வரை தீ காத்திருப்பதில்லை. மான்பியின் சிந்தனை இந்த இடத்திலேதான் மற்றையோரிடமிருந்து பிரிந்தது. பிறர் பெரிய இயந்திரத்தை எவ்வாறு மேலும் பெரிதாக்குவது என்று எண்ணியபோது, அவர் தீ சிறிதாயிருக்கும் வேளையில் ஒரு மனிதனாற் தூக்கிச் செல்லக்கூடிய அளவு நீரை எவ்வாறு அதன் காலடியிற் கொண்டு சேர்ப்பது என்று எண்ணினார். எந்தப் பெருந்தீயும் தன் முதல் நிமிடங்களில் ஒரு வாளி நீருக்கு அடங்குவதாகவே இருந்திருக்கும் என்பது அவர் கண்ட எளிய உண்மை.

இதற்கு முன்னரும் முயற்சிகள் இல்லாமலில்லை. 1723இல் அம்புரோஸ் கொட்பிறி என்னும் இரசாயனவியலாளர், நீர்மம் நிறைந்த பீப்பாவை உள்ளிருக்கும் வெடிமருந்தினாற் சிதறச் செய்து தீயை அணைக்கும் முறையொன்றுக்குக் காப்புரிமை பெற்றார். எரியும் அறைக்குள் வெடிமருந்தை எறியத் துணிந்தவர் எத்தனை பேரோ நாமறியோம். மான்பியின் கருவி அதனினும் அமைதியானது. தடித்த செம்பினாலான உருளை. அதனுள் 13 லீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீர்மம். எஞ்சிய வெளியிற் பம்பியினால் அமுக்கி ஏற்றப்பட்ட காற்று. மேலே ஒரு திருகுவாயும் சிறு முனைக்குழாயும். திருகைத் திறந்தால், விரியத் துடிக்கும் காற்று நீர்மத்தைத் தள்ளிப் பீய்ச்சியடிக்கும். பம்ப வேண்டியதில்லை, துணைக்கு ஆள் வேண்டியதில்லை. நீர்மத்தின் நிறை மட்டுமே சுமார் 14 கிலோ. வலுவுள்ள ஒருவர் வாரினால் தோளிற் கொளுவிக்கொண்டு படியேறலாம்.

உள்ளே இருந்தது வெறும் நீரன்று. முத்துச்சாம்பல் என அக்காலத்தவர் அழைத்த பொட்டாசியம் காபனேற்றை அதிற் கரைத்திருந்தார். மரத்தை எரித்த சாம்பலைக் கழுவி, வடித்து, காய்ச்சி எடுக்கப்படும் உப்பு அது. எரிந்த மரத்தின் மிச்சத்தைக் கொண்டு எரியும் மரத்தை அணைப்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் நீர் ஆவியாகிய பின்னரும் அந்த உப்பு எரிபொருளின் மேற் படிந்து, மீண்டும் தீப்பற்றுவதைத் தடுக்கும். கருவிக்கு 'எக்ஸ்ரிங்ரர்' என்று பிரெஞ்சுச் சாயலில் அவர் பெயரிட்டார். பிரான்சில் வாழும் வாசகர்கள் தத்தம் படிக்கட்டில் அச்சொல்லையே இன்றும் காண்பர்.

கருவியோடு அவர் நிற்கவில்லை. இவ்வகைக் கொள்கலங்கள் ஆறினை ஏற்பாடாக அடுக்கிய கைவண்டியையும், அதனோடு நகரெங்கும் ஆயத்த நிலையில் இருக்கும் பயிற்சி பெற்ற காவலரையும் அவர் திட்டமிட்டார். ஒன்று வெறுமையானதும் அடுத்தது கையில் இருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். எரியும் வீட்டின் மேல்மாடியிலிருந்து மக்களை இறக்கும் சாதனங்களையும் வகுத்தார். நாடு முழுவதற்கும் பொதுவான தீயணைப்புச் சேவை ஒன்று வேண்டும் என்று முதன்முதல் வாதிட்டவர்களுள் அவரும் ஒருவர். 1830இல் வெளிவந்த அவரது நூல் அழிவுத் தீயைத் தடுப்பதையும் அணைப்பதையும் பற்றியதே. அரசு கேட்டுக்கொண்டது, செயற்படவில்லை. காப்புறுதிக் கம்பனிகளும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இதற்கு மான்பியின் குணமும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு. அவர் ஓயாது விண்ணப்பம் எழுதுபவர்; தமக்குரிய புகழ் தரப்படவில்லை என்று முறையிடுபவர்; வரவுக்கு மிஞ்சிச் செலவு செய்பவர். அலுவலகங்களில் அவர் தலையைக் கண்டதும் முகஞ் சுழித்தோர் இருந்திருப்பர். ஆனால் குணத்தை மட்டும் குறை கூறுவதும் பொருந்தாது. கரை தட்டிய கப்பலை ஊர் முழுவதும் காண்கின்றது. தொடக்கத்திலேயே அணைக்கப்பட்ட தீயை எவரும் காண்பதில்லை. நடவாமற் போன அழிவுக்கு எந்தக் கணக்கேட்டிலும் இடமில்லை. மோட்டாருக்குப் பரிசில் வழங்கிய பாராளுமன்றம் தீயணைப்பானுக்கு அசையாததில் வியப்பில்லை.

எடின்பரோ நகரமே பத்து ஆண்டுகளின் பின் வேறொருவரைக் கண்டெடுத்தது. 1824இல் ஜேம்ஸ் பிறெய்ட்வூட் என்னும் இளைஞரின் தலைமையில் அங்கு மாநகரத் தீயணைப்புப் படை அமைந்தது. அதே ஆண்டு நவம்பரில் நகரின் பெருந்தீயையும் அது எதிர்கொண்டது. தெருவில் நின்று நீரடிப்பதால் பயனில்லை, உள்ளே புகுந்து தீயின் மூலத்தை அடைய வேண்டும் என்று தம் ஆட்களைப் பழக்கியவர் பிறெய்ட்வூட். 1833இல் லண்டனின் படைக்கு அவர் தலைவரானார். 1861 யூன் 22இல் தேம்ஸ் நதிக்கரைப் பண்டகசாலைத் தீயிற் சுவர் விழுந்து மாண்டார். இருவரும் வெவ்வேறு இயல்பினர். தீயின் அருகே செல்ல வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டவர்கள்.

மான்பியின் கொள்கலமோ பல ஆண்டுகள் கிடப்பிற் கிடந்தது. 1866இற் பிரான்சின் கார்லியே என்பவர் காற்றை அமுக்கும் தொல்லையை விடுத்து வேறு வழி கண்டார். சோடியம் இருகாபனேற்று, அதாவது எம் வீட்டு அப்பச் சோடா, நீரிற் கரைந்திருக்க, அதிலே அமிலம் கலந்ததும் பொங்கியெழும் காபனீரொட்சைட்டு வாயு நீரை வெளியே தள்ளும். இம்முறையே பின்னர் நெடுங்காலம் கோலோச்சியது. 1904இல் பாக்கு எண்ணெய் வயல்களருகே ஆசிரியராக இருந்த அலெக்சாண்டர் லொரான் நுரையினால் எண்ணெய்த் தீயை அடக்கினார். பின்னர் காபன் நாற்குளோரைட்டு வந்தது. அது சூட்டிற் பொஸ்ஜீன் என்னும் நச்சு வாயுவைத் தோற்றுவித்து, தீயிலிருந்து தப்பியவரையும் கொல்லக் கூடியது என்று கண்டு கைவிட்டனர். அடுத்து வந்த ஹேலன் வாயு வான்மண்டல ஓசோன் படலத்தை அரிப்பதால் 1987ஆம் ஆண்டின் மொன்றியல் உடன்படிக்கையின்கீழ் வந்தது. வளர்ச்சியடைந்த நாடுகளில் 1994 தொடக்கம் அதன் உற்பத்தி நின்றது. இவ்வளவு சுற்றின் பின், அமுக்கிய வாயுவை உள்ளேயே வைத்து நீர்மத்தைத் தள்ளும் மான்பியின் முறையே இன்று எமது படிக்கட்டுகளிற் பெரும்பாலும் தொங்குகின்றது. அவருடைய பொட்டாசிய உப்பும் திரும்பி வந்துவிட்டது. உணவகச் சமையலறைகளிற் கொதியெண்ணெய்த் தீக்கென வைக்கப்படும் கலங்களில் இருப்பது பொட்டாசிய உப்புகளின் கரைசலே. கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து அது சவர்க்காரம் போன்ற படையாகி எண்ணெயை மூடிக்கொள்கின்றது.

எம்மவருக்கு இது ஏட்டுச் செய்தியன்று. நாம் இக்கண்டத்துக்கு வந்த தொடக்க மாதங்களில் தங்கவைக்கப்பட்ட விடுதியில் நான்கு மாடிகள், ஒரே படிக்கட்டு, மாடிக்கொரு பொதுச் சமையலறை. எமது மாடியின் தீயணைப்பான் அதற்குரிய கொளுவியில் இருந்ததை நாம் கண்டதேயில்லை. தானாக மூடும் கனத்த கதவொன்று மூடிக்கொள்ளாதபடி முட்டுக் கொடுக்க அது பயன்பட்டது. புகை படிக்கட்டுக்குட் புகாமற் தடுப்பதற்கென்றே அமைக்கப்பட்ட கதவு அது என்பதும் எமக்குத் தெரியாது. ஆகத் தீயை அணைக்கும் கருவியைக் கொண்டு புகைக்கு வழி திறந்து வைத்திருந்தோம். கலத்தின் சீட்டிற் கடைசிப் பரிசோதனைத் திகதி மூன்று ஆண்டு பழையது. ஒரு மாலை வடை சுட வைத்த எண்ணெய்த் தாச்சி தீப்பற்றியது. இளைஞரொருவர் பதறிப்போய் நீர் நிறைந்த பானையைத் தூக்கினார். வயது முதிர்ந்த அம்மா ஒருவர் அவரைத் தள்ளிவிட்டு, அடுப்பை நிறுத்தி, பெரிய மூடியொன்றாற் தாச்சியை மூடினார். தீ அடங்கியது. அந்த நீர் எண்ணெயில் விழுந்திருந்தால் நொடியில் ஆவியாகி, எரியும் எண்ணெயைக் கூரைவரை எறிந்திருக்கும். மான்பியின் கலமே அன்று எம்மிடம் இருந்திருந்தாலும் அதைப் பீய்ச்சுவது கேட்டையே விளைத்திருக்கும்.

ஆகவே எந்தத் தீக்கு எந்தக் கலம் என்பது முதற் கேள்வி. மரம், துணி, தாள் ஆகியவற்றுக்கு நீர். பெற்றோல் போன்ற திரவங்களுக்கு நுரை. மின்சாதனங்களுக்குக் காபனீரொட்சைட்டு, அதன் வாய்க்கூம்பை வெறுங்கையாற் பிடித்தால் குளிரே தோலைச் சுட்டுவிடக் கூடும். தூள் பலவகைத் தீக்கும் பொருந்தும், ஆனால் பூட்டிய அறையிற் கண்ணையும் மூச்சையும் மறைக்கும். சமையல் எண்ணெய்க்கு மேலே சொன்ன பொட்டாசியக் கரைசல். ஐரோப்பாவில் அதன் அடையாள எழுத்து எப், அமெரிக்காவிற் கே. பிரித்தானியாவில் முன்னர் ஒவ்வொரு வகைக்கும் கலம் முழுவதும் வெவ்வேறு நிறம் பூசுவர். 1997 தொடக்கம் ஐரோப்பிய நியமப்படி எல்லாம் சிவப்பாகி, வகையைச் சிறு நிறப்பட்டி மட்டுமே காட்டுகின்றது. ஆகவே நிறத்தை நம்பி எடுக்காது, ஓய்வான நாளொன்றில் நின்று அப்பட்டியையும் படங்களையும் பார்த்து வைப்பது நன்று. மொழி தெரியாதவருக்கும் படம் விளங்கும்.

இடமும் அப்படியே. கலம் வெளியேறும் வழியருகே இருக்க வேண்டும், அடுப்பின் மேலன்று. அதை எடுக்கச் செல்பவர் தீயை விட்டு விலகிச் சென்று, கதவைத் தம் முதுகுக்குப் பின்னால் வைத்துத் திரும்புவதற்காகவே இந்த ஏற்பாடு. பிரித்தானிய நியமம் சாதாரணத் தீக்கான கலத்தை எட்ட எவரும் 30 மீற்றருக்கு மேல் நடக்கலாகாது என்கின்றது. பிரான்சின் தொழிற்சட்டம் வேலைத்தலங்களில் 200 சதுர மீற்றருக்கு ஒன்று, மாடிக்குக் குறைந்தது ஒன்று என்று விதிக்கின்றது. அந்த ஒன்று ஆறு லீற்றர் நீர்க்கலம். மான்பி கரையோரம் நடந்து மோட்டாருக்கு இடங்குறித்ததை இவ்விதிகள் எமக்கு நினைவூட்டுகின்றன.

பராமரிப்போ எவர் கண்ணிலும் படாத பணி. அமுக்கிய காற்று எந்தச் சிறு இடுக்கிலும் கசியும்; செம்புக் காலத்திலும் இதுவே தொல்லை, இன்றும் இதுவே. அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கின்றதா, பாதுகாப்பு ஊசியும் முத்திரையும் உள்ளனவா, குழாய் வெடித்துள்ளதா என்று மாதந்தோறும் ஒருமுறை பார்ப்பது கட்டடத்திலுள்ள எவராலும் இயலும். காபனீரொட்சைட்டுக் கலத்துக்கு அழுத்தமானி இல்லை. நிறுத்துத்தான் பார்க்க வேண்டும். ஆண்டுக்கொருமுறை தகுதி பெற்றவர் வந்து பரிசோதித்துச் சீட்டிலே திகதி இட வேண்டும். ஒருமுறை சிறிது பீய்ச்சிய கலமும் மீள நிரப்பப்பட வேண்டியதே. முழுதாய் நிறைந்த கலமாயினும் ஒரு நிமிடத்துக்குள் வெறுமையாகிவிடும் என்பதை மறத்தலாகாது. அதற்குள் அடங்காத தீ, கலத்துக்குரிய தீயன்று. கதவைச் சாத்திவிட்டு வெளியேறித் தீயணைப்புப் படையை அழைக்க வேண்டியதுதான்.

2005ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் திகதி அதிகாலை பாரிஸ் ஒபேரா வட்டாரத்து விடுதியொன்றில் 24 பேர் மாண்டனர். அவர்களிற் பலர் குழந்தைகள். சமூக உதவி அமைப்புகளினாற் அங்கு தங்கவைக்கப்பட்ட குடியேறிய குடும்பங்கள் அவை. முதலாம் மாடியிற் கொளுத்தி வைத்த மெழுகுவர்த்திகளிலிருந்து தீ தொடங்கியது; மேலிருந்தோர் இறங்க ஒரே படிக்கட்டு. 1996 சனவரி 18இல் ஜேர்மனியின் லூபெக் நகர் அகதிகள் இல்லத் தீயிற் பத்துப் பேர் மாண்டனர். எந்தச் சிவப்புக் கலமும் அவர்களைக் காத்திருக்கும் என்று நாம் கூற வரவில்லை. ஆனால் எம்மைத் தங்கவைப்போரிடம் கலம் எங்கே, சீட்டின் திகதி என்ன, இரண்டாம் வழி எது என்று கேட்பது நன்றி கெட்டதனம் ஆகாது. அகதியாய் வந்தவர் அதிகம் கேட்கலாகாது என்னும் கூச்சம் எம்மிடம் நெடுநாள் இருந்தது. மான்பிக்கு அக்கூச்சம் அறவே இருந்ததில்லை. அவரிடம் நாம் விரும்பிக் கடன் வாங்கத்தக்க குணம் இதுவாகலாம்.

எஞ்சிய வாழ்வை விரைவாகச் சொல்லிவிடலாம். 1818இல் அவர் மறுமணஞ் செய்தார். பனிக்கட்டி உடைந்து நீரில் வீழ்ந்தோரை மீட்கும் கருவியொன்றையும் அமைத்தார். 1821இல் ஸ்கோஸ்பியின் கப்பலிற் கிறீன்லாந்துவரை சென்று, திமிங்கில வேட்டைக்குப் புதிய ஈட்டியொன்றைச் சோதித்தார். தங்கள் தொழிலில் அந்நியர் தலையிடுவதை விரும்பாத வேட்டைக்காரர் அதனைக் கெடுத்துவிட்டனர். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் ஆர்க்டிக் பிரதேசத்தின் செடிகொடிகளையும் விலங்குகளையும் கூர்ந்து நோக்குவது. 1831இல் லண்டன் றோயல் சங்கம் அவரை அங்கத்தவராக ஏற்றது.

இறுதிக் காலத்தில் நெல்சன் மீதான பற்று அவரை முற்றாக ஆட்கொண்டது. யார்மத்தை அடுத்த தம் வீட்டை நெல்சனின் நினைவுப் பொருட்கள் நிறைந்த காட்சிசாலையாக மாற்றிவிட்டு, தாம் நிலக்கீழ் அறையிற் குடியிருந்தார். 1808ஆம் ஆண்டின் முதல் மீட்பைக் குறிக்கும் நினைவுத்தூண் ஒன்றையும் தம் இருப்பிடத்தருகே தாமே எழுப்பினார். வேறெவரும் எழுப்பப் போவதில்லை என்று அவர் அறிந்திருந்தார் போலும். 1854ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் திகதி, எண்பத்தொன்பதாவது பிறந்தநாளுக்குப் பத்து நாட்கள் இருக்கையில், அவ்வீட்டிலேயே காலமானார்.

அவரது உடல் பிறந்த ஊருக்கு அண்மையில் ஹில்கே கிராமத் தேவாலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது. அங்குள்ள நினைவுக்கல்லில் அவர் செய்த பணிகளைச் சொல்லியபின், இக்கல்லைப் பொதுமக்களே நாட்டியிருக்க வேண்டும் என்னும் பொருள்பட ஒரு வரியும் பொறிக்கப்பட்டிருக்கின்றது.